கிளிட்டஸ் வீட்டுத் தண்ணீர்

கீரை வளர்க்கலாம் என்று முடிவு செய்தபோது ஜெனிட்டா தண்ணீரைப் பற்றி யோசிக்கவே இல்லை. விதை, வேர் பிடிக்கும் பஞ்சு, உரக் கரைசல், ஊதா விளக்கு, வரிசையாகத் துளை போட்ட வெள்ளைக் குழாய்கள், எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிட்டன. பெட்டியில் இல்லாதது தண்ணீர் ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் அந்தப் பெட்டி இல்லாத வீடு குறைவு. ஆற்று முகத்துவாரத்து வயல்களில் கடல் ஏறி உப்புப் படிந்த பிறகு, பச்சை இலை என்பது எங்கோ வடக்கிலிருந்து குளிர்லாரியில் வருகிற பொருளாகிவிட்டது. கட்டைப் பிரித்தால் பாதி கறுத்திருக்கும். சோறு, மாவு, பருப்பு, ஆலையில் செய்த புரதக் கட்டி, எதற்கும் பஞ்சமில்லை. பிய்த்தால் ஈரம் தெரிகிற ஓர் இலைக்குத்தான் ஊரே ஏங்கியது. அதனால் மண்ணில்லாமல், வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டு, வீட்டுக்கு வீடு கீரை வளர்த்தார்கள். வளர்க்கப் பார்த்தார்கள் என்று சொல்வதே சரி.

ஜெனிட்டா முதலில் குழாய்த் தண்ணீரில் வைத்தாள். கடலிலிருந்து எடுத்து உப்பு நீக்கி ஊருக்கு விடுகிற தண்ணீர். நாற்று இரண்டாவது இலை விடும்வரை நன்றாக இருந்தது. பிறகு இலையின் விளிம்பு மட்டும் தீயில் காட்டியது போலக் கருகிச் சுருண்டது. அடுத்து, குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்றுப் போர்த் தண்ணீரைப் பிடித்து வைத்தாள். கழிப்பறைக்கு மட்டும் ஆகிற அந்த உப்புத் தண்ணீரில் நாற்று ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஏசியிலிருந்து சொட்டுவதை வாளியில் பிடித்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேர் படுக்கிற அறையின் ஏசி சொட்டுவது ஒரு குழாய் வரிசைக்கே போதவில்லை. மழையைப் பிடிக்கலாம் என்றால் அது வருடத்தில் நாலைந்து நாள் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். ஏழு மாடிக் குடியிருப்பில் அதைச் சேர்த்து வைக்க இடம் ஏது?

மீதியிருந்தது மிஷின் தண்ணீர்.

மிஷின் அவள் கணவர் கிளிட்டஸுக்கு உரியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கிரேன்கள் தாங்களாகவே ஓடக் கற்றுக்கொண்ட வருடத்தில் வேலை போனது. அதற்குச் சற்றுப் பின்னால் இரண்டு சிறுநீரகங்களும் போயின. டயாலிசிஸ் மிஷினை ஆஸ்பத்திரியே வீட்டில் வைத்துக் கொடுத்தது. வாரத்தில் மூன்று நாள், காலை முழுக்க அவர் அதன் பக்கத்தில் சாய்நாற்காலியில் கிடப்பார். அந்த மிஷினுக்கென்று தெருவிலிருந்து தனிக் குழாய் ஒன்று வீட்டுக்குள் வந்தது. மிஷின் ஓடும்போதெல்லாம் அதன் பின்பக்கத்து ஒல்லிக் குழாய் ஒன்று சாக்கடையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். நோயாளியின் கழிவு என்று ஜெனிட்டா அதைத் தொட்டதே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஃபில்டர் மாற்ற வந்த பொன்னுதுரையிடம் ஒருநாள் கருகிய நாற்றுகளைக் காட்டி வருத்தப்பட்டாள். அவன் இலையைத் திருப்பிப் பார்த்தான்.

"இது போரான் வேலைக்கா. கடல் தண்ணியில இருக்கும். உப்ப வடிகட்டுனாலும் அது நழுவி வந்துரும். நமக்கு ஒண்ணுஞ்செய்யாது, செடிக்கு ஆகாது." பிறகு ஒல்லிக் குழாயைக் காட்டினான். "இத ஏன் சாக்கடையில விடுதிய? இதுல வைங்க."

"அது அவுக ரத்தத்துல பட்ட தண்ணியில்லா?"

"அந்தத் தண்ணிக்குத் தனிக் குழாய் இருக்கு. இது அண்ணாச்சியத் தொடவே இல்ல. ஊருக்கு விடுதத ஒரு தடவதான் வடிகட்டுதாங்க. ஒங்களுக்கு வாரது ரெண்டு தடவ வடிகட்டுன மருத்துவத் தண்ணி. மிஷின் அத இன்னொரு தடவ வடிகட்டி, பாதிய எடுத்துக்கிட்டு மீதியத் தள்ளிரும். தள்ளுததே நாம குடிக்கதவிட நல்ல தண்ணி."

சொல்லிவிட்டு, தான் சொன்னதாக வெளியில் சொல்ல வேண்டாம் என்றான். மருத்துவத் தண்ணீரை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்பது சட்டம். தெரிந்தால் குழாயை அடைத்துவிடுவார்கள்.

அந்தத் தண்ணீரில் வைத்த கீரை வளர்ந்த விதத்தைப் பார்த்து ஜெனிட்டாவே கொஞ்சம் பயந்துபோனாள். அரைக்கீரையும் கொத்தமல்லியும் லெட்யூஸும் குழாய் தெரியாமல் மூடிக்கொண்டன. இருவரும் தின்று தீராமல் கீழ்வீட்டு மாரிச்செல்விக்கு ஒரு கட்டு கொடுத்தாள். மாரிச்செல்வி முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் பொறுப்பு பார்த்தவள். புருஷன் இல்லை, அனுஷ்யா என்று ஒரே மகள். எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று கேட்டாள். ஜெனிட்டா மறைக்கவில்லை. மாரிச்செல்வி கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் குடத்தோடு வந்து நின்றாள்.

மற்றவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். சீக்காளி வீட்டுத் தண்ணி என்றார்கள். மாரிச்செல்வியின் ஜன்னலில் பச்சை எட்டிப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. ஒருவர் பின் ஒருவராகக் குடமும் கேனுமாக வந்தார்கள். ஜெனிட்டா அடுக்களையில் ஒரு நீல பீப்பாயை வைத்து, ஒல்லிக் குழாயை அதில் விட்டாள். மிஷின் ஓடுகிற நாளில் பீப்பாய் பலமுறை நிறையும், பலமுறை காலியாகும். அந்த வருடம் அந்தக் கட்டடத்தின் பெரும்பாலான ஜன்னல்களில் கீரை இருந்தது. வெளியாள் கேட்டால் எல்லோரும் ஏசித் தண்ணீர் என்று ஒரே பதிலைச் சொன்னார்கள்.

கிளிட்டஸ் மாறியது அப்போதுதான். அதுவரை அவர் கிடந்த அறைக்குள் யாரும் வந்ததில்லை. இப்போது தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் கதவோரம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். ஒருவர் பேரப்பிள்ளையின் படிப்புக்கு யோசனை கேட்டார். இரண்டு வீட்டுக்காரர்களின் சண்டையை அவர் நாற்காலியில் கிடந்தபடியே தீர்த்து வைத்தார். படியில் யார் பார்த்தாலும், "அண்ணாச்சி, இன்னைக்கு மிஷின் உண்டா?" என்று கேட்டார்கள். அவர் உடம்பைத்தான் விசாரிக்கிறார்கள் என்று ஜெனிட்டா வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அனுஷ்யா உண்டாகி, தாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு எது தின்றாலும் குமட்டியது. மாத்திரையும் தங்கவில்லை. பச்சையாகக் கடித்துத் தின்கிற லெட்யூஸும், மல்லியும் எலுமிச்சையும் போட்ட சாறும் மட்டும்தான் வயிற்றில் நின்றன. மாரிச்செல்வி இன்னும் ஒரு வரிசை குழாய் கட்டினாள். அதைக் கேள்விப்பட்ட கிளிட்டஸ் தானாகவே வாரத்துக்கு இன்னொரு நாள் மிஷினில் உட்கார ஆரம்பித்தார். உடம்பு கொஞ்சம் கனமாகத் தெரிகிறது, அதற்காகத்தான் என்று ஜெனிட்டாவிடம் சொன்னார். அவளும் நம்பினாள்.

வழக்கமான பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டர் ஹசீனா அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். எதற்காக நான்கு நாள் ஓட்டுகிறார், ரத்த அழுத்தம் இப்படி இறங்குகிறதே, ஏற்கெனவே தடித்துப்போன இதயம் இதைத் தாங்காது என்றார். பிறகு, போன தடவை ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். ஜெனிட்டாவுக்கு எந்தத் தடவை என்று புரியவில்லை.

டாக்டர் விளக்கிச் சொன்னார். நோயாளியின் செல்லை எடுத்து ஆய்வுக்கூடத்தில் புதுச் சிறுநீரகம் வளர்ப்பது அந்த ஆஸ்பத்திரியில் வழக்கத்துக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கிளிட்டஸின் பெயரும் அந்த வரிசையில் உண்டு, அது ஜெனிட்டாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதது, அவருக்கான சிறுநீரகம் ஒன்று ஏற்கெனவே வளர்ந்து முடிந்து, கோடையில் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள் என்பது. போனில் அவரே பேசியிருக்கிறார். காய்ச்சல், இப்போது வர முடியாது என்றாராம். அந்த உறுப்பை அதிக நாள் வைத்திருக்க முடியாது. வீணாகிவிட்டது.

"இன்னொண்ணு வளந்துக்கிட்டு இருக்கு," என்றார் டாக்டர். "இதையும் விட்டா மூணாவது தடவைக்கு அனுமதி கிடையாது. அவர் இதயம் அதுவரைக்கும் இருக்கும்னும் நான் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் ஜெனிட்டா கேட்டாள். கிளிட்டஸ் மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஆபரேஷன் முடிந்தால் மிஷினை எடுத்துப் போய்விடுவார்கள், குழாயை அடைத்துவிடுவார்கள், அது உனக்குத் தெரியாதா என்றார்.

"போனாப் போகட்டும்," என்றாள் அவள். "கீரைக்காகவா ஒங்க உசுர விடுதிய?"

"கீரையில்ல, ஜெனி." அவர் கொஞ்ச நேரம் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிரேன விட்டு எறங்கின பொறவு என்னால யாருக்கு என்ன உண்டு? இப்பதான் நாலு பேரு வாராங்க. அந்தப் பிள்ள வாய்க்கு வேற எதுவும் எறங்கல. அவளுக்குப் பேறாகட்டும். பொறவு பாப்போம்."

அனுஷ்யாவுக்குப் பிறகு வேறு யாருக்காவது வேறொரு தேவை இருக்கும் என்பது ஜெனிட்டாவுக்குத் தெரியும். அவள் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். அழுதாள். பங்குச் சாமியாரை வரவழைத்துப் பேச வைத்தாள். கிளிட்டஸ் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் நாற்காலியில் கிடந்தபடி, கதவோரம் நிற்கிறவர்களிடம் சிரித்துப் பேசினார். வந்தவர்களிடம் சொல்லிப் பார்க்கலாமா என்றும் அவள் யோசித்தாள். சொன்னால் அவர்கள் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லித்தான் வற்புறுத்துவார்கள். ஆனால் அதைக் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வார்கள். அவருக்கு அது போதும், மாட்டேன் என்று சொல்ல.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதுவும் பேசவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில், கழிப்பறைக் குழாயில் ஒரு வாளி போர்த் தண்ணீர் பிடித்து வந்து நீல பீப்பாயில் ஊற்றினாள். ஊற்றும்போது சத்தம் கேட்கக் கூடாதென்று பீப்பாயின் ஓரமாகச் சரித்து ஊற்றினாள். அடுத்த அறையில் கிளிட்டஸ் கண்ணை மூடிக் கிடந்தார்.

ஒரு வாளி, பிறகு ஒன்றரை, பிறகு இரண்டு. தன் வீட்டுக் குழாய்களிலும் அதே தண்ணீரைத்தான் விட்டாள். தன்னுடையது மட்டும் பச்சையாக இருந்தால் சந்தேகம் வரும் என்பது ஒரு காரணம். தன்னுடையது மட்டும் தப்பக் கூடாது என்றும் அவளுக்கு இருந்தது.

முதலில் லெட்யூஸ் தளர்ந்தது. அடுத்து அரைக்கீரையின் அடி இலைகள் வெளுத்தன. வேர்கள் வெள்ளை நிறம் போய்ப் பழுப்பாகி, தொட்டால் வழுக்கின. உரம் அதிகமோ, விளக்குப் போதவில்லையோ என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பிறகு மாரிச்செல்விதான் எல்லோரிடமும் தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொன்னதாக ஜெனிட்டாவின் காதுக்கு வந்தது. மிஷின் பழசாகிவிட்டது, உள்ளே இருக்கிற சவ்வு கிழிந்தால் கழிவும் கலக்கும் என்று அவள் விளக்கம் வேறு சொல்லியிருந்தாள். இத்தனை நாள் தின்றதை நினைத்து இரண்டு வீட்டில் வாந்தி எடுத்தார்களாம்.

கிளிட்டஸ் ஆஸ்பத்திரியிலிருந்து ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்றார். கூப்பிட முடியாது என்பது அவருக்கே தெரியும். தண்ணீரை ஊருக்குக் கொடுக்கிறோம், அது கெட்டுவிட்டது என்று யாரிடம் போய்ப் புகார் செய்வது?

குடங்கள் குறைந்தன. பிறகு நின்றன. மிஷின் ஓடுகிற காலைகளில் கிளிட்டஸ் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுவார். படியில் காலடிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவார். சத்தம் கடந்து போய்விடும். நான்காவது நாள் ஓட்டுவதை அவராகவே நிறுத்தினார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது அவரே எடுத்தார். சரி என்றார். எப்போது வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார். ஜெனிட்டா அடுப்படியில் நின்று அதைக் கேட்டாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. போர்த் தண்ணீர் வாளியைக் கழிப்பறையில் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவருடைய செல்லிலிருந்தே வளர்ந்தது என்பதால் உடம்பு அதை வேற்றுப் பொருளாக நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அனுஷ்யாவுக்கு நாள் முந்திப் பேறானதாகச் செய்தி வந்தது. பெண் குழந்தை. எடை மிகக் குறைவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கடைசி மாதங்களில் அவளுக்கு ஒன்றும் இறங்கவில்லை, ஊசி வழியாகத்தான் எல்லாம் ஏற்றினார்கள் என்று செய்தி சொன்ன பெண் சொன்னாள். அதனால்தானா, வேறு காரணமா என்று டாக்டர்களும் சொல்லவில்லை. ஜெனிட்டா கேட்கவும் இல்லை.

கிளிட்டஸ் வீடு திரும்பியபோது மிஷின் இருந்த இடம் காலியாக இருந்தது. நகரத்து ஆட்கள் வந்து தனிக் குழாயின் வாயை அடைத்து முத்திரை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உடம்பு வேகமாகத் தேறியது. முகத்தில் ரத்தம் ஏறியது. ஆனால் மனிதர் வீட்டை விட்டு வெளியே இறங்கவில்லை. படியில் ஆள் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டார்.

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஜெனிட்டா கீழே போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. அனுஷ்யா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். மாரிச்செல்வி குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். இன்னும் உள்ளங்கை அகல முகம்தான். ஆனால் நன்றாகச் சப்பிக் குடிக்கிறாளாம், எடை ஏறுகிறதாம். அண்ணாச்சி எப்படி இருக்கார் என்று மாரிச்செல்வி கேட்டாள். நன்றாக இருப்பதாக ஜெனிட்டா சொன்னாள். பிறகு சொல்ல வந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். மாரிச்செல்வி கையை உயர்த்தித் தடுத்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா. மொத நாளே நாக்குல வச்சுப் பாத்தேன். போர்த் தண்ணி ருசி எனக்குத் தெரியாதா?"

ஜெனிட்டா சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா அண்ணாச்சி நல்ல தண்ணியப் பிடிச்சுத் தந்துருப்பாங்க." மாரிச்செல்வி குழந்தையின் தலையில் துணியை இழுத்து விட்டாள். "கதவுப் பக்கம் நின்னு நானும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன், அவுங்க எப்படி வெளுத்துத் துவண்டு கெடந்தாங்கன்னு. நாலாவது நாளு மிஷின் ஓட்டுதது எம்மவளுக்காகன்னும் தெரியும். வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க ஊத்துனதும் ஆத்தாடி, நம்ம செய்யவேண்டியத இவுக செஞ்சுட்டாகன்னு இருந்துச்சு. அதான், தண்ணி கெட்டுப் போச்சுன்னு நானே எல்லாருக்கும் சொன்னேன்."

"அனுவுக்கு?"

"அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

குழந்தை அசைந்தது. இரண்டு பெண்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஜெனிட்டா எழுந்தபோது, குழந்தையைத் தூக்கிப் பார்க்கிறீர்களா என்று மாரிச்செல்வி கேட்டாள். அவள் தூக்கிப் பார்த்தாள். கையில் கனமே தெரியவில்லை.

மேலே வந்தபோது கிளிட்டஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டார். எடை ஏறியிருக்கிறது என்று சொன்னாள். அவர் தலையாட்டினார். வெளியே பார்த்தபடியே பேசினார்.

"என் தண்ணியாலதானே அந்தப் பிள்ளைக்கு இப்படி ஆச்சு? கெட்டுப் போனது தெரியாம ஊத்திக் குடுத்துட்டேன். அவுங்க மூஞ்சியில எப்படி முழிக்க?"

இத்தனை நாள் அவர் கதவைச் சாத்திக்கொண்டதன் காரணம் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற வருத்தத்தில் இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தாள். அதைக் காலம் ஆற்றிவிடும் என்று விட்டிருந்தாள். இதை அப்படி விட முடியாது. அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்க தண்ணி கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் முகத்தில் கணக்கு ஒவ்வொன்றாகக் கூடிவருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவார் என்று நினைத்தாள். எழுந்து போய்விடுவார் என்றும் நினைத்தாள்.

"போர்த் தண்ணியா?" என்று கடைசியில் கேட்டார்.

"ஆமா."

"மாரிச்செல்விக்குத் தெரியுமா?"

"மொத நாள்லேருந்தே தெரியும்."

கிளிட்டஸ் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு அவர் அவளோடு அதற்குமேல் பேசவில்லை. சாப்பாடு போட்டதும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாள் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு செருப்பைத் தேடினார். எங்கே என்று அவள் கேட்டாள்.

"கீழ," என்றார். "அந்தப் பிள்ளையப் பாத்துட்டு வாரேன்."